சொல் விளக்கம்: ஃபியூஸ் பிட்

நுண்கட்டுப்படுத்தியின் (ஒரே சிப்பில் அடங்கிய சின்னக் கணினி) உள்ளே, நாம் எழுதும் நிரலுக்கு வெளியே தனியாக ஒதுங்கியிருக்கும் சில பிட்களுக்குத்தான் ஃபியூஸ் பிட் என்று பெயர். சிப்புக்குக் கரண்ட் கிடைத்ததும், நிரலின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே, சில விஷயங்கள் முடிவாகியிருக்க வேண்டும். எந்தக் கடிகாரத் துடிப்பில் ஓடுவது? மின்னழுத்தம் எவ்வளவு இறங்கினால் வேலையை நிறுத்துவது? நினைவகத்தில் எந்த இடத்திலிருந்து தொடங்குவது? இவற்றை முடிவுசெய்பவை இந்தப் பிட்கள். கரண்ட் போனாலும் இவை அழியா. நிரலை அழித்துப் புதிதாக எழுதினாலும் இவை அப்படியே இருக்கும். சிப்பில் ஓடும் நிரல் தானாக இவற்றை மாற்றவும் முடியாது. கணினியில் அதற்குரிய மென்பொருளைத் திறந்து, யூஎஸ்பியில் புரோகிராமர் என்ற சிப்பில் எழுதும் கருவியைச் செருகி, வெளியிலிருந்துதான் மாற்ற வேண்டும்.

தமிழில் இதற்கு 'அமைவுப் பிட்' என்பதே பொருத்தமான சொல் என்று நினைக்கிறேன். பாடநூலில் ஃபியூசுக்கு ஏற்கெனவே 'உருகி' என்ற நல்ல சொல் இருக்கும்போது எதற்கு இன்னொன்று என்று கேட்கலாம். இந்தப் பிட்களில் எதுவும் உருகுவதில்லை என்பதுதான் காரணம்.

திருகோணமலையில் ஃபியூஸ் என்றால் என்னவென்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய வீடுகளின் போர்டில் பீங்கான் கட்டைக்குள் இருந்த அந்த மெல்லிய இழைதான் அது. ட்ரிப் சுவிட்ச் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது, ஆனாலும் கரண்ட் நின்றால் 'ஃபியூஸ் போயிட்டுதோ' என்றுதான் வாயில் வருகிறது. ஆக, நம் காதில் ஃபியூஸ் என்பது போகிற சாமான். போனால் புதிதாகப் போட வேண்டியதுதான். அர்டுயினோ என்ற ஆயத்த போர்டோடு பழகிய பெடியன் ஒருவன் முதல்முறையாக ஒரு வெறும் சிப்பை வாங்கி, மென்பொருளின் மூலையில் ஃபியூஸ் என்ற பெட்டியைப் பார்த்ததும் இந்த நினைப்போடுதான் பார்க்கிறான். ஒரு தடவை எழுதினால் எரிந்துவிடும், பிறகு சிப்பை எறியத்தான் வேண்டும் என்று பயந்து தொடாமலே விடுகிறவர்கள் உண்டு. இது ஏதோ பாதுகாப்புக்கு வைத்திருப்பது, மோட்டர் கூடக் கரண்ட் இழுத்தால் சிப்பைக் காப்பாற்றும் என்று நம்புகிறவர்களும் உண்டு. இரண்டுமே பிழை. சொல் தவறான படத்தை மனதில் வரைந்துவிடுகிறது. கோணேசபுரி வளாகத்தில் கணினி படிக்கிற பிள்ளைக்கும் சரி, கடையில் போர்ட் திருத்துகிற பெடியனுக்கும் சரி, அந்தப் படத்தைத் திருத்திக் கொடுப்பது அவசியம்.

ஓர் உதாரணத்தைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணல் நிலத்தில் சின்ன வெங்காயம் போடுகிறார்கள். கிணற்று மோட்டரைக் குறித்த நேரத்துக்கு ஓட்டி நிறுத்த ஒரு சின்ன போர்ட் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சிப் ஏடிமெகா328பி. அர்டுயினோ ஊனோவில் ஆர்3 பதிப்பு வரை இருப்பதும் இதேதான். 32 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகம், ஓடும்போது மட்டும் பயன்படும் 2 கிலோபைட் எஸ்ரேம், கரண்ட் போனாலும் அழியாத 1 கிலோபைட் ஈஈப்ரொம் என்று மூன்று நினைவகங்கள் அதில் உண்டு. நிரல் ஃபிளாஷில் போய் உட்காரும். எந்த மணிக்கு எவ்வளவு நேரம் இறைக்க வேண்டும் என்ற கணக்கு ஈஈப்ரொமில் இருக்கும். அமைவுப் பிட்கள் இந்த மூன்றிலும் சேராமல், கீழ், மேல், நீட்சி என்று மூன்று பைட்களாகத் தனியே இருக்கும்.

நிரலில் பத்து நிமிடம் என்று எழுதி, 8 மெகாஹேர்ட்ஸ் வேகத்துக்கென்று தொகுத்து, சிப்பில் ஏற்றியாயிற்று. போர்டைப் பூட்டி மோட்டரைப் போட்டால் பத்து நிமிடத்தில் நிற்கவில்லை. எண்பதாவது நிமிடத்தில் நிற்கிறது. பாத்தியெல்லாம் தண்ணீர் தேங்கிவிட்டது. வெங்காயத்துக்கு அது ஆகாது, அடி அழுகும். நிரலை எத்தனை தடவை படித்தாலும் அதில் பிழை இருக்காது. பிழை இருப்பது கீழ் அமைவுப் பைட்டில். புது ஏடிமெகா328பி தொழிற்சாலையிலிருந்து வரும்போது அந்தப் பைட்டின் பெறுமானம் பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் 62. இரும எண்ணில் எழுதினால் 01100010. இடக்கோடியில் இருக்கும் அந்தப் பூச்சியம்தான் விஷயம். உள்ளே இருக்கும் 8 மெகாஹேர்ட்ஸ் கடிகாரத்தை எட்டால் வகுத்து 1 மெகாஹேர்ட்ஸ் ஆக்கு என்பது அதன் பொருள். நிரல் எட்டு என்று நினைத்துக் கணக்குப் போடுகிறது, சிப் ஒன்றில் ஓடுகிறது. அதனால்தான் பத்து நிமிடம் எண்பது ஆனது. அந்த ஒரே பிட்டை 1 ஆக்கினால் 11100010, அதாவது பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் ஈ2. மற்ற ஏழு பிட்களிலும் கை வைக்கத் தேவையில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்தச் சிப் சேர்ந்த ஏவிஆர் குடும்பத்தில் பொதுவாக 0 என்றால் அந்த அமைவு இயங்குகிறது, 1 என்றால் இயங்கவில்லை. பழக்கத்துக்கு நேர்மாறாக இருக்கிறது, ஆனால் காரணமில்லாமல் இல்லை. இந்த வகை நினைவகத்தை அழித்தால் எல்லாப் பிட்டும் 1 ஆகிவிடும். அதில் ஒன்றை எழுதுவது என்றால் 0 ஆக்குவதுதான். மென்பொருள்களில் பெரும்பாலும் இதை டிக் போடும் கட்டமாகக் காட்டுவார்கள். டிக் போட்டால் 0. சில மென்பொருள்களில் பிட்களை நேராகவே எழுதிக் காட்டியிருக்கும். எது எப்படிக் காட்டுகிறது என்று பார்த்துக்கொள்ளாமல் எழுதும் பொத்தானை அழுத்தக் கூடாது.

மோட்டர் கதையில் இன்னொரு பிட்டுக்கும் வேலை இருக்கிறது. மோட்டர் தொடங்கும் கணத்தில் லைனில் மின்னழுத்தம் சரியும். நம்பத்தகுந்த அளவுக்குக் கீழே சரிந்த மின்னழுத்தத்தில் சிப் தட்டுத்தடுமாறி ஓடினால், ஈஈப்ரொமில் இருக்கும் இறைப்பு நேரக் கணக்கு கெட்டுப்போகலாம். நீட்சிப் பைட்டில் இருக்கும் மூன்று பிட்கள் இதற்காகத்தான். 1.8, 2.7, 4.3 வோல்ட் என்று மூன்று எல்லைகளில் ஒன்றைத் தெரிவுசெய்யலாம். மின்னழுத்தம் அதற்குக் கீழே போனால் சிப் றீசெற் நிலையில் நின்று, திரும்ப ஏறியதும் முதலிலிருந்து தொடங்கும். புது சிப்பில் இது அணைந்தே இருக்கும். வயல், தோட்டம், படகு என்று வெளியில் வைக்கிற எந்தப் போர்டுக்கும் இதை நான் கட்டாயம் போடச் சொல்வேன்.

சரி, எதுவுமே உருகாத இடத்துக்கு ஃபியூஸ் என்ற பெயர் எப்படி வந்தது?

ஆங்கிலத்தில் ஃபியூஸ் என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு. ஒன்று உருக்கு, உருக்கி ஒட்டு என்ற வினை. வார்த்தல், ஊற்றல் என்று பொருள்படும் இலத்தீன் வினையான ஃபுண்டெரே அதன் வேர். மற்றது வெடிக்குத் தீ கொண்டுபோகும் திரி. அது நூல் நூற்கும் கதிரைக் குறிக்கும் ஃபூசுஸ் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து இத்தாலிய மொழி வழியாக வந்தது. மின்சார ஃபியூஸ் பிறப்பால் எந்தப் பக்கம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வழக்கில் அது உருகுதலோடு ஒட்டிக்கொண்டு 19ஆம் நூற்றாண்டிலேயே நிலைத்துவிட்டது. தமிழ் உருகியும் அந்தப் பொருளைப் பிடித்தே பிறந்தது.

நினைவகத்துக்குள் உருகி நுழைந்தது உண்மையாகவே உருகத்தான். 1956இல் அமெரிக்கன் பொஷ் ஆர்மா நிறுவனத்தில் வென் சிங் சௌ என்பவர், அமெரிக்க விமானப்படையின் அட்லஸ் ஏவுகணைக் கணினிக்காக ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய நினைவகத்தை உருவாக்கினார். வேண்டாத இணைப்புகளுக்கு அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைச் செலுத்தி அறுத்துவிடுவது அதன் முறை. அறுந்த இணைப்பும் அறாத இணைப்பும் சேர்ந்து தரவாகும். 'சிப்பை பேர்ன் பண்ணுறது' என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்தப் பேச்சு இங்கேயிருந்து வந்தது. அதன் பிறகு வந்த ஒருமுறை எழுதும் சிப்களில் இணைப்புகள் நிக்கல்-குரோமியம் போன்ற மெல்லிய இழைகளாக இருந்தன. 1978இல் மொனோலிதிக் மெமரீஸ் கொண்டுவந்த பால் (பிஏஎல்) வகை சிப்களில் தர்க்கச் சுற்றையே இழைகளை உருக்கி அமைத்தார்கள். எந்த இழையை உருக்குவது, எதை விடுவது என்ற பட்டியலுக்கு ஃபியூஸ் வரைபடம் என்று பெயர். அந்தப் பட்டியலைத்தான் கணினி மென்பொருள் தயாரித்துக் கொடுக்கும்.

இதற்கிடையில் தொழில்நுட்பம் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 1971இல் இன்டெல்லில் டொவ் ஃப்ரோமன் உருவாக்கிய ஈப்ரொமில் இழை கிடையாது. மின்காப்புக்குள் சிறைப்பட்ட மின்னேற்றமே தரவு. சிப்பின் முதுகில் ஒரு குவார்ட்ஸ் கண்ணாடிச் சாளரம், அதன் வழியாகப் புறஊதா ஒளி காட்டினால் அழியும். தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1984இல் வெளியிட்ட ஃபிளாஷ் நினைவகமும் அதே அடிப்படையில் வந்ததுதான், மின்சாரத்தாலேயே அழியும். பால் சிப்களின் இடத்துக்கு 1985இல் லாட்டிஸ் நிறுவனத்தின் கால் (ஜிஏஎல்) சிப்கள் வந்தன. அவற்றையும் மின்சாரத்தால் அழித்து எழுதலாம், உள்ளே இழையே இல்லை. ஆனால் மென்பொருளில் அந்தப் பட்டியலுக்குப் பெயர் ஃபியூஸ் வரைபடம் என்றே தொடர்ந்தது. பொருள் போய்ப் பெயர் மட்டும் நின்றது. 1990களில் நோர்வேயின் டிரொண்ட்ஹைமில் வேர்விட்ட ஏவிஆர் சிப்களை அட்மெல் சந்தைக்குக் கொண்டுவந்தபோதும் அதே பழைய பெயரைத்தான் சூட்டினார்கள். 2016இல் அட்மெல் மைக்ரோசிப்பின் கைக்குப் போயிற்று. மைக்ரோசிப்பின் சொந்தச் சரக்கான பிக் சிப்களில் இதே வேலையைச் செய்யும் பிட்களுக்கு ஆங்கிலத்தில் நேராக அமைவு என்று பொருள்படும் பெயர். எஸ்டிஎம்32 சிப்களில் தெரிவு பைட் என்று பொருள்படும் பெயர். ஒரே வேலைக்கு மூன்று பெயர். அவற்றில் வேலையைச் சொல்லாதது ஃபியூஸ் ஒன்றுதான்.

அதனால்தான் தமிழுக்கு எடுக்கும்போது பெயரை விட்டு வேலையைப் பிடிக்க வேண்டும் என்கிறேன். கடத்தி, தடையி, கொள்ளளவி, இருவாயி என்று நம் பாடநூல்களில் இருக்கும் சொற்களெல்லாம் சாமான் செய்யும் வேலையையோ அதன் தன்மையையோ சொல்பவை. உருகியும் அப்படித்தான், உருகுவது உருகி. உருகாத ஒன்றுக்கு அதைச் சூட்டினால் அந்த வரிசையே கெடும். 'உள்ளமைவுப் பிட்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. பிழையில்லை, ஆனால் எங்கேதான் இருந்தாலும் சிப்புக்கு உள்ளேதானே இருக்கும், அந்த 'உள்' தேவைப்படவில்லை. 'அமைப்பு' என்று வைத்தால் சங்கமா, முறைமையா, செற்றிங்கா என்று இடம் பார்த்துத்தான் புரிய வேண்டும். அமைவு என்றால் இப்படி அமைந்திருக்கிறது என்ற நிலை. நிரல் தொடங்கும் முன்பே சிப் எப்படி அமைந்திருக்கிறது என்பதைத்தானே இந்தப் பிட்கள் சொல்கின்றன. பிட்டைப் 'பிட்டு' என்று எழுதுவதும் வழக்கில் உண்டு. இங்கே பிட்டு என்றால் குழலில் அவிப்பது, ஆகவே பிட் என்றே விடலாம்.

உருகி என்ற சொல்லை முழுக்கத் தள்ளிவைக்கவும் கூடாது. ஈஎஸ்பி32 சிப்பில் ஈஃபியூஸ் என்று ஒன்று இருக்கிறது. அது உண்மையிலேயே ஒருவழிப் பாதை. பிட் 0வில் தொடங்கும், 1 ஆக்கினால் திரும்ப 0 ஆகாது. ஏவிஆருக்கு நேர்மாறான கணக்கு என்பதைக் கவனியுங்கள். கணினியில் அதை எழுதும் கருவியும், பேர்ன் என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்தால்தான் மேலே போகும். அங்கே 'மின்னுருகி' என்று எழுதுவதே சரி. படிக்கிறவருக்குத் திரும்ப முடியாது என்ற எச்சரிக்கை அந்தச் சொல்லிலேயே கிடைத்துவிடும். மாற்றக்கூடியது அமைவுப் பிட், மாற்ற முடியாதது மின்னுருகி. ஆங்கிலம் ஒரே பெயரில் குழப்பி வைத்திருப்பதைத் தமிழில் நாம் பிரித்தே எழுதலாம்.

அமைவுப் பிட்டை மாற்றலாம் என்பதற்காக எப்படி வேண்டுமானாலும் எழுதலாம் என்றில்லை. வெளிக் கடிகாரம் என்று எழுதிவிட்டு, வெளியே கடிகாரம் எதையும் பூட்டாமல் விட்டால் சிப் துடிப்பின்றிக் கிடக்கும், புரோகிராமருக்கும் பதில் சொல்லாது. கடையில் 'சிப் செத்துப்போச்சு' என்று சொல்லப்படும் சிப்களில் இப்படிப்பட்டவையும் இருக்கும். வேறொரு அர்டுயினோவிலிருந்து கடிகாரத் துடிப்பை அதன் கடிகாரக் காலுக்கு (பின்) கொடுத்தால் எழும்பிவிடும், பிட்டைத் திரும்பச் சரியாக எழுதலாம். றீசெற் காலை முடக்கும் பிட்டை எழுதிவிட்டால் சாதாரண யூஎஸ்பி புரோகிராமரால் முடியாது, 12 வோல்ட் கொடுக்கும் உயரழுத்தப் புரோகிராமர் வேண்டும். ஆகவே எதை எழுதுவதற்கு முன்னும் இருப்பதை வாசித்துக் குறித்துவைப்பது நல்லது. அர்டுயினோ மென்பொருளில் பூட்லோடரை (புரோகிராமர் இல்லாமலே நிரலை ஏற்ற உதவும் சின்ன நிரல்) ஏற்றும் கட்டளையைக் கொடுக்கும்போது அது அமைவுப் பிட்களையும் சேர்த்தே எழுதுகிறது என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கையேடு எழுதுகிறவர்களுக்கு: ஆங்கிலக் கையேட்டில் பிட் 0 ஆக இருப்பதை நிரல்படுத்தப்பட்டது என்ற பொருளில் குறிப்பார்கள். அதை அப்படியே பெயர்த்தால் நிரலோடு குழம்பும். 'இடப்பட்டது', 'இடப்படவில்லை' என்று எழுதுங்கள். 'எட்டால் வகுக்கும் அமைவுப் பிட் இடப்பட்டுள்ளது. 8 மெகாஹேர்ட்ஸில் ஓட்ட அதை எடுத்துவிடவும்.' நிரலைப் பிறர் வாசிக்காமல் தடுக்கும் பிட்களை இதோடு சேர்க்காமல் 'பூட்டுப் பிட்' என்று தனியே சொல்லுங்கள். சிப்பை முழுவதுமாக அழித்தால் பூட்டுப் பிட்டும் சேர்ந்து நீங்கிவிடும், அமைவுப் பிட் நீங்காது. இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால் இந்த வேறுபாடு வாசிக்கிறவருக்குத் தெரியவே வராது.