யூரின் டெஸ்டில் ஒன்றுமில்லை

20 வயதுப் பையன். அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தபோது வலிப்பு நின்றிருந்தது. நாடித்துடிப்பு 140, அம்மாவையே அடையாளம் தெரியவில்லை. யூரின் டெஸ்டில் போதைப்பொருள் எதுவும் இல்லை என்று வந்ததும் அப்பாவுக்கு அப்படியொரு நிம்மதி. அப்புறம் கூட வந்த நண்பன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ஸ்பைஸ் அடிச்சான் சார்."

டெஸ்ட் பொய் சொல்லவில்லை. கஞ்சாவைப் பொறுத்தவரை, அதில் போதை தரும் டிஎச்சி உடலில் சிதைந்து உண்டாகும் பொருளைத்தான் அது தேடும். ஸ்பைஸ், கே2 என்ற பெயர்களில் "செயற்கைக் கஞ்சா" என்று விற்பவை வேறு வேதிப்பொருள்கள். ஒன்றைத் தடை செய்தால் மூலக்கூறைச் சற்றே மாற்றி அடுத்ததை இறக்கிவிடுவார்கள்.

அந்தப் பெயரே எனக்குப் பிடிக்காது. ஏதோ கஞ்சாவின் தம்பி போல ஒலிக்கிறது. மூளையில் இந்தப் பொருள்கள் போய் ஒட்டும் இடமான சிபி1 ஏற்பியை டிஎச்சி ஓரளவுதான் தூண்டும். இவற்றில் பல முழுவேகத்தில் தூண்டுகின்றன. விளைவு வலிப்பு, வெறி, சிலருக்குச் சிறுநீரகச் செயலிழப்பு. 2016 ஜூலையில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரே நாளில் 33 பேர் நடைப்பிணம் போல ஆனார்கள். அவர்களில் 18 பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். காரணம் ஆம்ப்-ஃபுபினாக்கா என்ற பொருள்.

தயாரிப்பும் குத்துமதிப்புதான். பொடியை அசிட்டோனில் கரைத்துக் காய்ந்த இலைமேல் தெளிப்பார்கள். எங்கே அதிகம் பட்டது, எங்கே குறைவு என்று தெளித்தவனுக்கே தெரியாது. ஒரே பாக்கெட்டில் ஒருவனுக்கு ஒன்றும் ஆகாது, அடுத்தவன் ஐசியூவில் கிடப்பான்.

2018 வசந்தத்தில் அமெரிக்காவின் இல்லினாயில் நடந்தது இன்னும் மோசம். ஈறில் ரத்தம், மூக்கில் ரத்தம், சிறுநீரில் ரத்தம் என்று 150க்கும் மேற்பட்டோர் வந்தார்கள், சிலர் இறந்தார்கள். அவர்கள் புகைத்ததில் பிரோடிஃபாகூம் கலந்திருந்தது. எலி மருந்து! ரத்தம் உறையக் கல்லீரலுக்கு வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை செலவான வைட்டமினை உடல் புதுப்பித்துக்கொள்ளும். அந்தப் புதுப்பிப்பை இந்த விஷம் அடைத்துவிடும். உடலைவிட்டுப் போகவும் வாரக்கணக்கில் ஆகும். அதனால், பிழைத்தவர்கள் மாதக்கணக்கில் வைட்டமின் கே மாத்திரை விழுங்க வேண்டியிருந்தது.

அதனால்தான் அந்தப் பையனுக்கும் ரத்தம் சரியாக உறைகிறதா என்று காட்டும் ஐஎன்ஆர் பார்த்தோம், நார்மல். இந்தப் போதையை முறிக்கும் மருந்து கிடையாது. வலிப்பையும் பதற்றத்தையும் அடக்கும் லோரசெபாம், சலைன், இதயத்துடிப்பைக் கண்காணித்தல், அவ்வளவுதான். என்ன புகைத்தான் என்று தெரிந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம், பாக்கெட் கையில் கிடைத்தால் இன்னும் நல்லது. போலீஸ் பயத்தில் அதைத்தான் முதலில் தூக்கி எறிகிறார்கள். இவன் நண்பனும் வரும் வழியிலேயே எறிந்திருந்தான்.