ஆள்பிடிப்பு: ஒரு சொல் விளக்கம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் பகுதிக் கோயிலில் ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். ‘மனிதக் கடத்தலில் உயிர் பிழைத்தவர்களுக்கான பிரதிபலிப்புக் கால விசா’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அன்னதானப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் ஒரு பையன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன், உணவகம் ஒன்றில் சமையல் வேலைக்கு வந்தவன். மஞ்சள் ஏறிய கட்டைவிரலை வரிவரியாக ஓட்டிப் படித்துவிட்டு, மடித்து இலைக்கு அடியில் வைத்தான். “இது நமக்கு இல்ல சார். நம்மள யாரு கடத்துனா? நானேதான் ஏஜென்டுக்குப் பணத்தக் கட்டி வந்தேன்.”

அவன் பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில் இருக்கிறது. டிக்கெட் கடன் கழியவில்லை என்று எட்டு மாதமாகச் சம்பளமும் கைக்கு வரவில்லை. துண்டறிக்கை அவனுக்காகவே அச்சடித்தது. தலைப்பிலேயே அவனை வெளியே தள்ளிவிட்டது.

ஏமாற்றியோ மிரட்டியோ ஆளைச் சேர்த்துச் சுரண்டும் குற்றத்துக்கு ஆங்கிலத்தில் ‘டிராஃபிக்கிங்’ என்று பெயர். அதற்குக் ‘கடத்தல்’ என்று எழுதுவதை இதோடு எத்தனையாவது தடவையாகப் பார்க்கிறேனோ. கட என்ற வினையின் பிறவினை கடத்து, அதாவது ஒன்றை இப்பக்கத்திலிருந்து அப்பக்கம் சேர்ப்பது. மின்கடத்தி, பொழுதைக் கடத்துவது எல்லாம் அந்த வழிதான். தங்கம் கடத்தலாம், ‘குருவி’ எனப்படும் கூலி ஆட்கள் கடத்துகிறார்கள். ஆளைச் சேர்த்து ‘ஆள் கடத்தல்’ என்றால் தமிழனுக்கு உடனே தோன்றுவது காரில் இழுத்துப்போட்டுப் பணம் கேட்பது. தென்னாப்பிரிக்காவிலோ கேட்கவே வேண்டாம். பணத்துக்காகக் கடைக்காரர்களைத் தூக்கிப்போகும் செய்தியைப் படிக்கிற ஊரில், ‘கடத்தப்பட்டவர்களே, எங்களிடம் வாருங்கள்’ என்று எழுதினால் யார் வருவார்கள்? கடத்தப்பட்டவன் எப்படி வருவான்?

ஆங்கிலத்தில் ‘டிராஃபிக்’ 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளின் வழியாக வந்த சொல். வணிகம் என்பதே அதன் பொருள், சாலையில் வண்டிகள் நெரிவது பிற்பாடு. சொல்பிறப்பு இவ்வளவு போதும். சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். 2000ஆம் ஆண்டின் ஐ.நா. பலெர்மோ நெறிமுறை (இந்தக் குற்றத்தைத் தடுக்க நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை) மூன்று கூறுகளைக் கேட்கிறது. ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது, கைமாற்றுவது, தங்கவைப்பது, பெற்றுக்கொள்வது ஆகியவற்றில் ஏதோ ஒரு செயல். மிரட்டல், ஏமாற்று, இல்லாமையைப் பயன்படுத்திக்கொள்வது என ஏதோ ஒரு வழி. நோக்கம், சுரண்டல். ஐந்து செயல்களில் கொண்டுபோவது ஒன்றே ஒன்று. எல்லை தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. எல்லை தாண்டி ஆளைக் கள்ளத்தனமாகச் சேர்ப்பிக்கும் குற்றத்துக்கு அதே ஆண்டில் தனி நெறிமுறையே எழுதியிருக்கிறார்கள். அங்கே போகிறவன் காசு கொடுத்த வாடிக்கையாளன், இங்கே சிக்கியவன். அவர்கள் இரண்டாகப் பிரித்ததை நாம் ‘கடத்தல்’ என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டோம்.

சரி, மாற்றுச் சொல் என்ன? தனித்தமிழ்ப் பற்றுள்ள நண்பர் ஒருவர் ‘மாந்தக் கடத்தல்’ என்றார். மனிதனை மாந்தனாக்கிய கை கடத்தலைத் தொடவில்லை. பழுதான பாதியை விட்டுவிட்டு நல்ல பாதியைப் பழுதுபார்த்திருக்கிறார். சொன்னதும் அவரே ஒப்புக்கொண்டு, மறுவாரம் ‘மாந்த வாணிகம்’ என்று வந்தார். வாணிபம் என்று எழுதக்கூடாது, வாணிகம்தான் சரி என்று அரைமணி நேரம் அதற்கு வேறு. மூலச்சொல்லின் பொருளும் வணிகம்தானே, தென்னாப்பிரிக்கச் சட்டத்தின் வரையறையிலேயே விற்பது, பண்டமாற்றுச் செய்வது, வாடகைக்கு விடுவது மூன்றும் இருக்கின்றனவே என்று மடக்கினார். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஆளை விற்ற பத்திரமான ‘ஆள்விலைப் பிரமாணம்’ வருகிறதே என்றும் கேட்டார்.

எல்லாம் உண்மை. ஆனால் அந்த வரையறையில் மொத்தம் ஒன்பது வினைகள், அவர் காட்டியது மூன்று. சமையல்காரப் பையனை யாரும் விற்கவில்லை. ‘உன்னை எவ்வளவுக்கு விற்றார்கள்?’ என்று விசாரித்தால் அவன் மறுபடியும் துண்டறிக்கையை இலைக்கு அடியில்தான் வைப்பான். அதுவும் போக, ‘வாணிகம் செய்வார்க்கு வாணிகம் பேணிப் பிறவும் தமபோல் செயின்’ என்று குறள் நடுவுநிலைமைக்குக் காட்டும் தொழில் அது. அந்தப் பெயரை இந்தப் பாவிகளுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. இதை வாதம் என்று ஏற்கமுடியாது என்றார் நண்பர். வேண்டாம், முதல் காரணம் போதும்.

எனக்கு ஏற்ற சொல் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கிடைத்தது. எண்பது வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும் ஓர் ஆயா (இங்கே பாட்டியை அப்படித்தான் அழைப்போம்) தன் குடும்பக் கதையைச் சொன்னார். “எங்க தாத்தாவோட அப்பாவ ஊர்ல வந்து புடிச்சிக்கிட்டு வந்தாங்க. நெட்டால்ல மொளகாச் செடியில காசு காய்க்குதுன்னு சொல்லி.” நெட்டால் என்றால் நேட்டால், டர்பன் இருக்கும் பகுதி. கையைக் கட்டி யாரும் இழுத்துவரவில்லை, அவரே கைநாட்டு வைத்துக் கப்பல் ஏறினார். ஆனாலும் ஆயாவுக்கு அது ‘புடிச்சிக்கிட்டு வந்தது’தான். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனுக்கு வந்ததிலிருந்து 1911 வரை கரும்புத் தோட்டங்களுக்கும் பிற வேலைகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர்.

ஆள்பிடிப்பு. ஏமாற்று, ஆசைகாட்டல், தரகு, சிக்கவைத்தல் எல்லாம் சொல்லாமலே உள்ளே இருக்கின்றன. பிள்ளைபிடிக்கிறவன் பேரைச் சொன்னாலே குழந்தை சோறு உண்ணும். சம்மதித்து வந்தவனையும் ‘பிடித்து’ வந்ததாகச் சொல்ல இந்த வினை இடம் கொடுக்கிறது. ஏமாற்றி வாங்கிய சம்மதம் சம்மதமே இல்லை என்று பலெர்மோ சொல்வதும் இதைத்தான். தேர்தல் கூட்டத்துக்கு ஆள்பிடிப்பது போல ஒலிக்கிறதே என்றார் நண்பர். ஒலிக்கட்டும், அங்கேயும் பிரியாணி என்று சொல்லித்தானே லாரியில் ஏற்றுகிறார்கள்.

‘உயிர் பிழைத்தவர்’ என்பது கப்பல் கவிழ்ந்ததில் தப்பியவருக்குச் சரி. இவர்கள் பிழைக்க வந்த இடத்தில் சிக்கியவர்கள், அதனால் ‘மீண்டவர்’ போதும். ‘பிரதிபலிப்புக் காலம்’ இருக்கிறதே, அதை எழுதியவர் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். போலீசுக்குச் சாட்சி சொல்வதா வேண்டாமா என்று உடனே முடிவெடுக்க நெருக்காமல், உடம்பும் மனசும் தேறி யோசிக்கக் கொடுக்கும் அவகாசம் அது. ‘தேறி யோசிக்கும் காலம்’ என்றால் படிக்காதவருக்கும் புரியும். ஐரோப்பிய மன்றத்தின் 2005ஆம் ஆண்டு ஒப்பந்தம் குறைந்தது 30 நாள் கொடுக்கச் சொல்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம், 15ஆம் பிரிவில், மூன்று மாதம் வரை என்கிறது. 2015 ஆகஸ்ட் 9 அன்று சட்டம் அமலுக்கு வந்தபோது இந்தப் பிரிவையும், விசாரணைக்கு ஒத்துழைக்கும் வெளிநாட்டவர் தங்குவதற்கான அடுத்த பிரிவையும் விட்டுவிட்டுத்தான் அமலாக்கினார்கள். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் உண்டாக்கிய ‘டி விசா’ வேறு வகை, அதைக் குடும்பத்தார் நீங்கலாக ஆண்டுக்கு 5,000 பேருக்கு மேல் கொடுக்க முடியாது. விசாவை ‘நுழைவிசைவு’ ஆக்குவதில் எனக்கு ஆர்வமில்லை. அந்தப் பையன் கவுன்டரில் போய்க் கேட்கப்போவது விசாதான்.

இந்தச் சொற்களுக்கு ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும் என்றால், 1894இல் பாலசுந்தரம் என்ற தமிழர் இதே டர்பனில் முன்பற்கள் உடைந்து, ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியிடம் வந்து நின்றார். அடித்தது முதலாளி. ஆனால் ஒப்பந்தக் கூலி முதலாளியை விட்டுப் போனால் குற்றவாளி, சிறைக்குப் போகவேண்டும். காந்தியால் முடிந்தது அவரை வேறொரு முதலாளிக்கு மாற்றிவிடுவது மட்டும். முதலாளியோடு கட்டிய விசாவில் வந்தவனுக்கு இன்றும் அதே பயம்தான். வெளியே வந்தால் நான் சட்டவிரோதம் ஆகிவிடுவேனா என்று அந்தப் பையன் என்னிடம் கேட்டான். துண்டறிக்கையின் நாலாவது பத்தியில் பதில் இருந்தது. அதுவரை யார் படிக்கவைப்பது?

மொழிபெயர்த்தவரிடம் பேசினேன். அகராதியில் அப்படித்தான் இருக்கிறது, அச்சும் ஆகிவிட்டது, அடுத்த முறை பார்க்கலாம் என்றார். மீதிக் கட்டு கோயில் அலுவலகத்தில் கிடந்தது, வாங்கி வந்துவிட்டேன். சனிக்கிழமை வகுப்பில் ஆளுக்குப் பத்தாக எடுத்துக்கொண்டு, தலைப்பை அடித்துவிட்டு மேலே பேனாவால் எழுதினோம்: ‘உங்கள் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது?’ ஆயா தன் பத்தை முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. ஒன்பது தாளில் ‘பாஸ்போர்ட்’டுக்குக் கடைசிப் புள்ளி வைக்கவில்லை. அப்படியே கொடுத்துவிட்டோம்.