டேப்பை மூடாமலே தூங்க வைப்பது எப்படி?

பிரௌசரில் நாற்பது டேப் திறந்திருந்தால், 1920 பிக்சல் அகலத் திரையில் ஒன்றுக்கு 48 பிக்சல்கூடக் கிடைக்காது. தலைப்பு மறைந்து ஐகான் மட்டும் மிஞ்சும். எது எங்கே என்று தெரியாமல், ஏற்கெனவே திறந்திருக்கும் பக்கத்தையே மறுபடியும் திறப்போம். கூடவே கணினியும் திணறத் தொடங்கும். இவை இரண்டும் தனித்தனிப் பிரச்சினைகள். ஆனால் டேப்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் இரண்டுக்குமே வழி கிடைக்கும்.

ஒவ்வொரு டேப்பும் இரண்டு பொருள்களைச் சுமக்கிறது. முகவரி, தலைப்பு, முன்பு பார்த்த பக்கங்களின் வரிசை ஆகியவை ஒன்று. இவற்றுக்குச் சில கிலோபைட் போதும். மற்றது, உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும் பக்கம். அதன் ஜாவாஸ்கிரிப்ட் நிரல், அந்த நிரல் சேர்த்து வைத்த தரவு, விரித்து வைத்த படங்கள் எல்லாம் கணினியின் தற்காலிக நினைவகமான ரேமில் இருக்கும். 4000க்கு 3000 பிக்சல் கொண்ட புகைப்படம் கோப்பாக 2 மெகாபைட் இருக்கலாம். அதையே முழு அளவில் திரைக்கு விரித்தால், பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 மெகாபைட் ஆகிவிடும். நமக்குத் தேவை பெரும்பாலும் முதல் பொருள்தான். டேப்பைத் திறந்தே விடும்போது இரண்டாவதற்கும் சேர்த்து இடம் கொடுக்கிறோம்.

2008-ல் குரோம் வந்தபோது பக்கங்களைத் தனித்தனி பிராசஸ்களில், அதாவது இயங்குதளம் தனியாகப் பிரித்து ஓட்டும் நிரல்களில், ஓட்டியது. ஒரு பக்கம் செயலிழந்தாலும் மற்றவை பிழைத்துக்கொள்ளும். 2018-ல் ஸ்பெக்டர் எனும் பிராசசர் குறைபாடு வெளியான பிறகு, ஒரே பக்கத்துக்குள் பதிக்கப்பட்டு வரும் வேறு தளங்களின் பகுதிகளும் தனிப் பிராசஸுக்கு மாற்றப்பட்டன. ஃபயர்ஃபாக்ஸ் இதே பிரிப்பை 2021-ல் கொண்டுவந்தது. ஒவ்வொரு பிராசஸுக்கும் அடிப்படைச் செலவு உண்டு. பிரௌசர் ரேமை விழுங்குகிறது என்று குறைசொல்கிறோம். அதில் ஒரு பகுதி நம் பாதுகாப்புக்காகக் கொடுக்கும் விலை.

எந்த டேப் கனமானது என்று ஊகிக்க வேண்டாம். குரோமிலும் எட்ஜிலும் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பிரௌசரின் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மெமரி என்ற தலைப்பைச் சொடுக்கினால் கனமானவை மேலே வரும். ஃபயர்ஃபாக்ஸ் முகவரிப் பட்டையில் ‘அபவுட்’, முக்காற்புள்ளி, ‘பிராசசஸ்’ என்று ஆங்கிலத்தில் இடுங்கள். மின்னஞ்சல், ஆவணத் திருத்தி, முடிவில்லாமல் கீழே நீளும் சமூக ஊடகப் பக்கம் ஆகியவைதான் வழக்கமாக முன்னே நிற்கும். நீளும் பக்கத்தில் கீழே போகப்போக உறுப்புகள் சேர்ந்துகொண்டே இருக்கும்; ஒருமுறை ரீலோடு செய்தால் கணிசமான இடம் திரும்பக் கிடைக்கும்.

பார்க்காத டேப்களின் வேகத்தைப் பிரௌசரே கட்டுப்படுத்துகிறது. 2021-ல் வந்த குரோம் 88 முதல், 5 நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்தில் தொடர்ந்து இயங்கும் டைமர்களுக்கு (குறித்த நேரத்தில் நிரலை இயக்குபவை) நிமிடத்துக்கு ஒருமுறைதான் வாய்ப்பு. பாட்டு ஓடும் பக்கத்துக்கும் வீடியோ அழைப்புக்கும் விலக்கு உண்டு. இதனால் பேட்டரி மிச்சமாகும், ஆனால் ரேம் மிச்சமாகாது. ரேம் நிரம்பினால் இயங்குதளம் சில பகுதிகளை வட்டுக்குத் தள்ளும். வேகமான வட்டு வகையான எஸ்எஸ்டியாக இருந்தாலும் ரேமைவிட அது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மெதுவானது. டேப் மாற்றும்போது திரை உறைந்து நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

இங்கேதான் தூக்கம் உதவுகிறது. அதில் இரண்டு வகை உண்டு. உறையவைத்தால் நிரல் நிற்கும், பக்கம் ரேமிலேயே இருக்கும், தொட்டதும் விழிக்கும். இறக்கிவைத்தால் உயிருள்ள பக்கம் போய்விடும், தலைப்பும் முகவரியும் மட்டும் பட்டையில் நிற்கும், சொடுக்கும்போது இணையத்திலிருந்து மறுபடி வரும். ரேம் பற்றாக்குறையின்போது இறக்கிவைப்பதைக் குரோம் 2015-லேயே தொடங்கியது. 2022-ல் வந்த மெமரி சேவர் பற்றாக்குறைக்கு முன்பே அதைச் செய்கிறது. செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குள் அது இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸின் அண்மைப் பதிப்புகளில் டேப்பை வலச்சொடுக்கினாலே ‘அன்லோட் டேப்’ கிடைக்கும்.

இறக்கிவைத்தால் எது தொலையும்? பாதி நிரப்பிய படிவம், சேமிக்காத உரை, தேர்ந்தெடுத்துவைத்த வடிகட்டிகள். படிவத்தில் எழுத்து இருக்கிறதா என்று பிரௌசர் கவனிக்கும். ஆனால் தளமே சொந்தமாக உருவாக்கிய எழுதுபெட்டியை அது தவறவிடலாம். அப்படிப்பட்ட தளங்களை அதே பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

இதற்கென்று தனி எக்ஸ்டென்ஷன், அதாவது பிரௌசரில் சேர்த்துக்கொள்ளும் துணைநிரல், இப்போது தேவையில்லை. ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்ற பிரபலமான எக்ஸ்டென்ஷனில் தீங்கான நிரல் இருப்பதாகக் கூறி 2021 பிப்ரவரியில் கூகுள் அதை முடக்கியது. தூங்கிய டேப்களுக்குப் பதில் அது தன் சொந்தப் பக்கத்தை வைத்திருந்ததால், முடக்கிய நொடியில் அவை அத்தனையும் திறக்க முடியாமல் போயின. முகவரியின் வால் பகுதியில் இருந்த அசல் முகவரியை வெட்டியெடுத்துத்தான் பலர் மீட்டார்கள்.

கண்டுபிடிக்கும் சிக்கலுக்கு என் முதல் பரிந்துரை செங்குத்து டேப் பட்டை. தலைப்பு படுக்கைவாட்டில் ஓடுவது. அதற்கு அகலம் வேண்டும். பக்கவாட்டுப் பட்டியலில் இருபத்தைந்து தலைப்புகளாவது முழுதாகத் தெரியும். எட்ஜில் 2021-லும் ஃபயர்ஃபாக்ஸில் 2025-லும் இது வந்தது. டேப்களைக் குழுக்களாகச் சேர்த்து வைத்தால், குழுக்களுக்குத் தளத்தின் பெயரை வைக்காமல் வேலையின் பெயரை வையுங்கள்: ‘வரித் தாக்கல்’ என்ற குழு வேலை முடிந்ததும் மொத்தமாக மூடப்படும், ‘யூடியூப்’ என்ற குழு ஒருநாளும் முடியாது. தேடுவதற்குக் குரோமில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஏ. ஃபயர்ஃபாக்ஸ் முகவரிப் பட்டையில் சதவீதக் குறியும் ஓர் இடைவெளியும் இட்டுத் தட்டச்சு செய்தால் திறந்த டேப்களுக்குள் மட்டும் தேடும்.

மூடினால் தொலைந்துவிடுமோ என்ற அச்சம்தான் பலரைத் தடுக்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்விலும் இந்த அச்சம் பதிவாகியிருக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் அழுத்தினால் கடைசியாக மூடிய டேப் திரும்ப வரும். மீண்டும் அழுத்தினால் அதற்கு முந்தையது. கண்ட்ரோல், ஷிஃப்ட், டி என்று சொல்லும்போது ‘டேப்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ‘புக்மார்க் ஆல் டேப்ஸ்’ கட்டளை, ஜன்னலில் உள்ள எல்லா முகவரிகளையும் ஒரே கோப்புறையில் போட்டுவிடும். கோப்புறைக்குத் தேதியைப் பெயராக வைத்தால் பிறகு தேட எளிது.

உண்மையில் டேப்கள் தொலைவது வேறொரு சந்தர்ப்பத்தில். இரண்டு ஜன்னல்கள் திறந்திருக்க, நாற்பது டேப் உள்ளதை முதலில் மூடி, ஒற்றை டேப் உள்ளதைக் கடைசியில் மூடினால், அடுத்தமுறை அந்த ஒற்றை டேப் மட்டும் திரும்பி வரலாம். பதறி எதையும் திறக்காமல் ஹிஸ்டரி மெனுவில் அண்மையில் மூடிய ஜன்னல்களைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் இயல்பாக 15 விநாடிக்கு ஒருமுறை அமர்வைச் (திறந்திருக்கும் ஜன்னல்கள், டேப்களின் பட்டியல்) சேமிக்கிறது. உங்கள் தரவை ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருக்கும் புரொஃபைல் கோப்புறைக்குள் ‘செஷன்ஸ்டோர்-பேக்கப்ஸ்’ என்ற உட்கோப்புறையில் முந்தைய அமர்வின் நகலும் இருக்கும். அடுத்தடுத்துத் திறந்து மூடினால் அந்த நகலின்மேல் புதியது எழுதப்பட்டுவிடும். ஆகவே முதலில் அந்தக் கோப்புறையை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு மீட்கத் தொடங்குங்கள். இன்காக்னிட்டோ ஜன்னலில் இருந்தவை எங்கும் சேமிக்கப்படுவதில்லை, மூடியவை மூடியவைதான்.