புஷ்பேக்: தள்ளுவதா, இழுப்பதா?

நம் ஊரில் ‘புஷ்பேக்’ என்றதும் நினைவுக்கு வருவது ஆம்னி பஸ் சீட்தான். முதுகைச் சாய்த்தால் கூடவே சாய்ந்துகொடுக்கும் இருக்கை. விமான நிலையத்தில் அதே சொல்லுக்கு வேறு பொருள். கதவை மூடியதும் விமானம் மெல்லப் பின்னால் நகர்கிறதே, அதுதான் புஷ்பேக். முதல்முறை விமானம் ஏறிய என் மாமா, “என்னடா, இதையும் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணுமா?” என்று கேட்டார். டவுன் பஸ்ஸைத் தள்ளிப் பழகியவர்.

ஸ்டார்ட் ஆவதற்காகத் தள்ளுவதில்லை. விமானத்துக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது, அவ்வளவுதான். அதன் சக்கரங்களை எஞ்சின் சுழற்றுவதில்லை. காற்றைப் பின்னால் தள்ளித்தான் முன்னால் போகிறது. தரையிறங்கியதும் வேகத்தைக் குறைக்க உதவும் எதிர்விசையைக் கொண்டு பின்னால் வரலாம்தான். அமெரிக்காவில் 1980களில் சில நிறுவனங்கள் அப்படிச் செய்ததும் உண்டு. ஆனால் தரையில் கிடக்கும் கல்லும் தூசியும் பனியும் கிளம்பி எஞ்சின் பக்கமே வரும். 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில், பனித்தரையில் விமானத்தைத் தள்ளும் வண்டியின் சக்கரத்துக்குப் பிடிப்புக் கிடைக்காததால், ஏர் ஃபுளோரிடா விமானம் ஒன்று எதிர்விசையால் பின்னால் வரப் பார்த்தது, முடியவில்லை. வேறு வண்டி வந்து தள்ளிவிட்டது. மேலெழும்பிய சிறிது நேரத்தில் அந்த விமானம் பாலத்தில் மோதி பொட்டோமாக் ஆற்றில் விழுந்து 78 பேர் இறந்தார்கள். இறக்கையில் பனியோடு கிளம்பியதும், எஞ்சினில் பனி படியாமல் காக்கும் கருவியைப் போடாததும்தான் முதன்மைக் காரணங்கள். ஆனாலும் அந்த எதிர்விசை முயற்சி பனியை வாரி இறக்கையில் அப்பியிருக்கக்கூடும் என்பது விசாரணையில் பேசப்பட்டது.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘புஷ்’ லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மூலச் சொல்லுக்கு ‘அடி, தட்டு’ என்று பொருள். நாடித் துடிப்பைச் சொல்லும் ‘பல்ஸ்’ அதற்கு உடன்பிறப்பு. ‘பேக்’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல். முதலில் முதுகைத்தான் குறித்தது. தள்ளுகிற வண்டிக்குப் பெயர் ‘டக்’. துறைமுகத்தில் கப்பலை இழுக்கும் படகின் பெயர் தரைக்கு ஏறி வந்துவிட்டது. ‘டக்’ என்றால் இழுப்பது. ஆனால் புஷ்பேக்கில் அது செய்கிற வேலை தள்ளுவது. ஆங்கிலக்காரர்களும் இதைக் கண்டுகொள்வதில்லை என்பதால், தமிழில் ‘இழுவை வண்டி’ என்று சொல்வதில் தப்பில்லை.

செயலின் பெயரில் மட்டும் திசை தவறக்கூடாது. செய்திகளில் ‘பின்னோக்கி இழுக்கப்பட்டபோது’ என்று எழுதுகிறார்கள். யாரும் இழுப்பதில்லை. வண்டி விமானத்தின் மூக்குப் பக்கம் நின்று வாலை நோக்கித் தள்ளுகிறது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. ஏ320 விமானம் ஏறக்குறைய 37.5 மீட்டர் நீளம்; போகிற திசையில் இருக்கும் வால் முனை ஓட்டுநரின் கண்ணுக்குச் சரியாகப் படாது. விமானிக்கோ பின்னால் எதுவுமே தெரியாது. அதனால்தான் இறக்கை நுனிப் பக்கம் ஆட்கள் கூடவே நடந்து, இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சைகை காட்டுகிறார்கள். ‘இழுத்தல்’ என்பது தனி வேலை. பயணிகள் இல்லாத விமானத்தைக் கொட்டகைக்குக் கொண்டுபோவது போன்றது அது. அப்போதும் பிரேக் போடத் தெரிந்த ஒருவர் விமானி அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

‘பின்வாங்கல்’ என்றால் போரில் தோற்ற மாதிரி இருக்கிறது. ‘பின்னுக்குத் தள்ளுதல்’ போட்டியில் முந்துவதற்குப் போய்விட்டது. என் தேர்வு ‘பின்தள்ளல்’. இன்னொன்று: இது நடக்கும் இடத்தை ‘ஓடுபாதை’ என்று எழுதாதீர்கள். ஓடுபாதை பறக்கவும் இறங்கவும்தான். பின்தள்ளல் தொடங்குவது நிறுத்துதளத்தில்.

வண்டியையும் மூக்குச் சக்கரத்தையும் இணைக்கும் கம்பிதான் டோபார். ‘இழுவைத் தண்டு’ எனலாம். அதில் வேண்டுமென்றே பலம் குறைவாக வைத்த ஓர் ஆணி உண்டு. அளவுக்கு மீறி விசை வந்தால், உதாரணமாக நகரும்போது விமானி பிரேக்கைப் போட்டுவிட்டால், அந்த ஆணி முறிந்து சக்கரக் காலைக் காப்பாற்றும். ‘முறியாணி’ என்று வைத்துக்கொள்ளலாம். அது முறிந்த நொடியில் விமானம் வண்டியின் பிடியில் இல்லை. ஆகவே தண்டின் அருகில் நடந்து வருவதும், அதைத் தாண்டிக் குதிப்பதும் கூடாது.

அப்புறம் பைபாஸ் பின். விரல் நீளக் கம்பி, சிவப்பு ரிப்பன் தொங்கும். மூக்குச் சக்கரக் காலில் இதைச் செருகினால், விமானி அறையிலிருந்து அந்தச் சக்கரத்தைத் திருப்பும் விசை துண்டிக்கப்படும். வண்டி திருப்புகிற பக்கம் சக்கரம் தடையில்லாமல் திரும்பும். இதை ‘சுக்கான் பூட்டு’ என்றால் பொருள் தலைகீழாகிவிடும். பூட்டவில்லை, விடுவிக்கிறோம். ‘விடுப்பூசி’ எனலாமா என்று யோசித்தேன். தடுப்பூசி ஞாபகம் வருகிறது. ‘விடுப்பாணி’ பரவாயில்லை.

2015 டிசம்பரில் மும்பையில் பின்தள்ளல் முடிந்து, தரை ஊழியர்கள் விலகுவதற்குள் விமானம் நகரத் தொடங்கியது. அருகில் நின்ற தொழில்நுட்ப ஊழியர் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு இறந்தார். வழக்கமான முறை இதுதான்: வண்டியைக் கழற்றி, விடுப்பாணியை உருவி, பாதுகாப்பான தூரத்துக்கு விலகி நின்று, அதன் ரிப்பன் தெரியும்படி கையை உயர்த்தி விமானிக்குக் காட்ட வேண்டும். விமானி பார்த்துப் பதில் சைகை காட்டிய பிறகே நகரலாம். வசதியான பக்கம் சன்னல் சீட் கிடைத்தால் அந்தக் கையை நீங்களும் பார்க்கலாம்.