உப்புத்தண்ணீரும் கட்டைவிரலும்

குலசேகரத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, ரப்பர் பால் வெட்டும்போது கத்தி வழுக்கி கையைக் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்கா மருந்தே போடாமல் பெரிய சிரிஞ்சில் உப்புத்தண்ணீரைப் பீச்சிக்கொண்டே இருந்தார். எதுக்கு?"

காயத்தில் கிடக்கும் மண், பட்டைத்தூள், கிருமி எல்லாம் வெளியே போகணும், அதற்குத்தான். ஆனால் சும்மா ஊற்றினால் போகாதா?

பட்டணங்கால் கால்வாயில் தண்ணீர் சீறிக்கொண்டு போகும்போது படிக்கட்டைத் தடவிப் பாருங்கள், பாசி அப்படியே இருக்கும். தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் கல்லை ஒட்டியிருக்கும் மெல்லிய அடுக்கு மட்டும் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது. பாக்டீரியா ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமன்தான். அந்த அடுக்குக்குள்ளே பதுங்கிக்கொண்டு மேலே போகும் வெள்ளத்தை வேடிக்கை பார்க்கும். வேகமான பீச்சு அந்த அடுக்கை மெலிய வைத்து, கிருமியைப் பக்கவாட்டில் இழுத்துப் பிய்க்கிறது. எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு இது அலுக்காத விஷயம்.

எவ்வளவு அழுத்தம் வேண்டும்? 4 முதல் 15 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்தில் இத்தனை பவுண்டு என்ற அழுத்தக் கணக்கு) வரை என்பார்கள். 35 மில்லி சிரிஞ்சும் 19 கேஜ் (துளையின் அளவு) முனையும் சேர்ந்தால் சுமார் 8 பிஎஸ்ஐ என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதாவது ஐந்தரை மீட்டர் உயரத்துத் தொட்டியின் தண்ணீர் கீழே தருகிற அழுத்தம்.

சரி, பெரிய சிரிஞ்ச்தான் ஓங்கி அடிக்கும் என்று நினைப்பீர்கள். நேர்மாறு! அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. 35 மில்லி சிரிஞ்சில் 8 பிஎஸ்ஐக்குக் கட்டைவிரல் இரண்டரை கிலோ அளவுக்கு அமுக்கினால் போதும். அதே அமுக்கை 5 மில்லி சிரிஞ்சில் கொடுத்தால் பரப்பு சின்னது, அழுத்தம் மூன்று நான்கு மடங்கு ஏறிவிடும். அது அழுக்கைத் தசைக்குள்ளேயே தள்ளிவிடலாம். முனையே இல்லாமல் அமுக்கினாலோ தண்ணீர் கொட்டிவிடும், அழுத்தம் ஏறாது. ரப்பர் குமிழை அமுக்கிப் பீச்சும் பல்ப் சிரிஞ்சில் தண்ணீர் மெதுவாக வருவதும் அதனால்தான். முனைக்கு ஊசி வேண்டாம், குத்திவிடும். குளுக்கோஸ் ஏற்றக் கையில் குத்தும் கேனுலாவில் ஊசியை உருவிவிட்டால் மிஞ்சும் பிளாஸ்டிக் குழாய் நல்லது. காயத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டர் நீளத்துக்கும் 50 முதல் 100 மில்லி வரை போகணும். நர்ஸ் அக்கா நிறுத்தாமல் பீச்சியது இதனால்தான்.

லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்த இந்தத் தண்ணீர், அதாவது சலைன், கைவசம் இல்லையா? சின்ன வெட்டுக்குக் குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீரும் போதும், அதனால் தொற்று கூடுவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. குழாயடியில் பத்து நிமிடம் காட்டுங்கள். ஆனால் குளச்சலில் வலை இழுக்கும்போது கெளுத்தி முள் குத்திய ஆழமான துளைக்குள் சிரிஞ்சால் அடிக்காதீர்கள். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை, நேரே டாக்டரிடம் போங்கள்.

இவ்வளவுக்கும் நம்ம வீடுகளில் இன்னமும் வெட்டுக்காயத்தில் காப்பித்தூளை அப்புகிறோம். ரத்தம் நிற்பது கையால் அமுக்கிப் பிடிப்பதால், பெயர் வாங்குவது காப்பித்தூள். என் பாட்டியும் அப்பியவர்தான், மக்கா! அப்புறம் அதைக் கழுவி எடுக்கவும் இதே சிரிஞ்ச்தான் வேண்டியிருந்தது. உப்புத்தண்ணீருக்குக் காப்புரிமை வாங்க முடியாது, அதனால் மருந்துக் கம்பெனிகளுக்கு இதை ஆராயப் பணம் போட அவ்வளவு ஆர்வம் இருக்காது. அரசுதான் போடணும் என்பது என் கட்சி.

தம்பி, டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டாச்சா? போடவில்லை என்றால் இன்றைக்கே போடுங்கள்.