ஆசிரியருக்குப் பரிசு கொடுத்தே ஆக வேண்டுமா?

விடுமுறை நெருங்கும் வாரங்களில், பள்ளி ஆலோசகரான என்னிடம் வரும் பெற்றோர்கள் படிப்பைப் பற்றிப் பேசிவிட்டு, எழுந்து போகும்போது தயங்கி நின்று கேட்பார்கள்: "டீச்சருக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டுமா? கொடுக்காவிட்டால் தவறாக நினைப்பாரா?" வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுவேன். இரண்டாவது கேள்விதான் என்னை உறுத்தும். பிள்ளைக்கு ஏதும் குறை வந்துவிடுமோ என்று பயந்து வாங்கும் பொருளை நன்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று பெரும்பாலான ஆசிரியர்கள் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. அதே சமயம், பரிசு யார் மனத்தையும் அசைக்காது என்றும் சொல்லிவிட முடியாது. 2001இல் அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். மருந்து நிறுவனங்கள் தரும் பரிசுகளும் உபசரிப்பும் தாங்கள் மருந்து எழுதுவதைப் பாதிப்பதில்லை என்றார்கள் 61 விழுக்காட்டினர். மற்ற மருத்துவர்களும் அப்படித்தான் என்று நம்பியவர்கள் வெறும் 16 விழுக்காட்டினர்! தன்னை மட்டும் விதிவிலக்காக நினைத்துக்கொள்வது எல்லாத் தொழிலிலும் உண்டு. கணக்குத் தாளில் விடை சரியா தவறா என்பதோடு முடிந்துவிடும். கட்டுரைக்கு ஏழு போடுவதா எட்டுப் போடுவதா என்று பேனா தயங்கும் இடத்தில்தான் ஆசிரியருக்கே தெரியாமல் ஏதோ ஒன்று உள்ளே நுழைகிறது. ஆகவே தாள் திருத்தும் நாட்களிலும், பரிந்துரைக் கடிதம் கேட்டிருக்கும்போதும் எதையும் நீட்டாதீர்கள். கொடுத்துத்தான் தீர வேண்டும் என்று மனம் சொன்னால், தேர்வு முடிவு வந்த பிறகு கொடுங்கள்.

பெரியவர்கள் சங்கடத்தைச் சமாளித்துக்கொள்வார்கள். எனக்குப் பிள்ளைகளைப் பற்றித்தான் கவலை. விடுமுறைக்கு முந்தைய நாள் ஒரு வகுப்பறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேசை மேல் வண்ணத் தாள் சுற்றிய பெட்டிகள். "என்னுடையதை முதலில் பிரியுங்கள் மிஸ்" என்று ஒரே கூச்சல். வரிசையில் நின்றிருந்த ஒரு சிறுமி, தானே வரைந்த வாழ்த்து அட்டையை இரண்டாக மடித்தாள், பிறகு நான்காக மடித்தாள், சீருடைப் பைக்குள் திணித்துக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பிவிட்டாள். ஆசிரியர் கவனிக்கவில்லை. அத்தனை பிள்ளைகள் மொய்த்துக்கொண்டிருக்கும்போது அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஏழெட்டு வயதில் பிள்ளைகள் தங்களை மற்றவர்களோடு அளந்து பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். தன் அட்டை மற்றப் பரிசுகளுக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்ததில்லை என்று அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எனவே, வகுப்பில் வைத்துக் கொடுக்காதீர்கள். பள்ளி விட்ட பிறகு நீங்களே கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: வகுப்பில் வைத்துப் பிரிக்காதீர்கள்.

அப்படியானால் எல்லோரும் சேர்ந்து ஒரே பரிசாகக் கொடுத்துவிடலாமே என்பார்கள். நல்ல யோசனைதான், வாட்ஸ்அப் குழுவுக்கு வரும்வரை. பணம் கொடுத்தவர்கள் பெயருக்கு நேரே பச்சை நிற டிக் போட்ட பட்டியல் ஒன்றை ஒரு தாய் எனக்குக் காட்டினார். டிக் இல்லாத மூன்று பெயர்களில் அவருடைய மகள் பெயரும் ஒன்று. அந்த மாதம் வீட்டில் என்ன நெருக்கடி என்று குழுவில் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் இதற்குச் சட்டமே வழி செய்திருக்கிறது. அங்கே அரசுப் பள்ளி ஆசிரியர், பணியின் பொருட்டு ஒருவர் தரும் 50 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள பரிசை வாங்கக் கூடாது. வகுப்பின் பெயரால் வந்தால் ஒரு கல்வியாண்டில் 150 டாலர் வரை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் யார் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரியக் கூடாது. இந்த நிபந்தனையை எந்தப் பெற்றோர் குழுவும் தானாகவே கடைப்பிடிக்கலாம். விரும்பியவர் விரும்பியதைக் கொடுக்கட்டும், பட்டியல் வேண்டாம், அட்டையில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருக்கட்டும். உங்கள் பள்ளியிலேயே விதி இருக்கிறதா என்று முதலில் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பரிசே கூடாது என்றால் பேச்சு அதோடு முடிந்தது.

என்னைக் கேட்டால், கடிதம் எழுதச் சொல்வேன். "எங்கள் பிள்ளைக்காக நீங்கள் எடுத்துக்கொண்ட முயற்சிக்கு மிக்க நன்றி" என்ற வகைக் கடிதம் வேண்டாம், அதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். நடந்த ஒன்றை எழுதுங்கள். "பின்னக் கணக்கு என்றாலே அழுதுகொண்டிருந்தவன், போன வாரம் தங்கைக்குக் காகிதத்தை வெட்டி வெட்டிப் பின்னம் சொல்லிக்கொடுத்தான். எங்கே கற்றாய் என்றேன், நீங்கள் காட்டியது என்றான்." இந்த மூன்று வரி போதும். தன் பாடம் வகுப்பறைக்கு வெளியே போனதா என்பதை ஆசிரியர் பார்க்கவே வாய்ப்பில்லை. வீட்டில் நடந்ததை நீங்கள் சொன்னால்தான் உண்டு. அதன் ஒரு படியைத் தலைமையாசிரியருக்கும் அனுப்புங்கள். புகார் என்றால் உடனே மேலே போய்விடுகிறது. பாராட்டு ஆசிரியரோடு நின்றுவிடுகிறது. பேருந்து ஓட்டுநரையும், சின்ன வகுப்புப் பிள்ளைகளின் கைகளைக் கழுவிவிடும் ஆயாவையும் இந்த நேரத்தில் யாரும் நினைப்பதில்லை. அவர்களுக்கும் இரண்டு வரி எழுதலாம்.

சில ஆசிரியர்கள் எதையும் வாங்க மாட்டார்கள். அதைப் பெற்றோர் மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை, ஆனால் தேர்ந்தெடுத்து, தாள் சுற்றி, தூக்கிக்கொண்டு வந்த பிள்ளைக்கு முகம் சுண்டிப்போகும். ஆகவே வீட்டிலிருந்து கிளம்பும்போதே சொல்லிவையுங்கள்: "மிஸ் வாங்கவில்லை என்றால் உன் மேல் கோபம் என்று அர்த்தமில்லை. யாரிடமும் வாங்கக் கூடாது என்று அவர் முடிவு செய்திருக்கலாம். கடிதத்தை மட்டும் கொடுத்துவிட்டு வா."