பழுப்பு பிடிக்காத ஸ்லைடு

ஐப்பசி மழையில் பஸ் பார்சலில் எங்கள் லேபுக்கு வந்த, ரத்தம் தடவிய ஸ்லைடு அது. நாற்பது வயதுக்காரர், ஈறில் ரத்தக் கசிவு, வெள்ளணு எண்பதாயிரம். மைக்ராஸ்கோப்பில் பார்த்த இடமெல்லாம் பிளாஸ்ட், அதாவது முதிராத வெள்ளணு. கடுமையான ரத்தப் புற்றுநோய் என்பதில் சந்தேகமில்லை. எந்த வகை என்பதுதான் கேள்வி.

மைலாய்டா (எலும்பு மஜ்ஜையில் நியூட்ரோபில், மோனோசைட் போன்ற வெள்ளணுக்கள் உருவாகும் வழி), லிம்பாய்டா (லிம்போசைட் என்ற வெள்ளணு உருவாகும் வழி)? சாதாரண ஸ்டெயினில் இரண்டும் பல சமயம் ஒரே சாயலில் இருக்கும். சிகிச்சையோ வேறு வேறு. இங்கேதான் நொதி கைகொடுக்கிறது. மைலாய்டு செல்லின் துகள்களுக்குள் மைலோபெராக்சிடேஸ் இருக்கும்; சீழுக்குப் பச்சைச் சாயல் தருவதும் இதே நொதிதான். ஹைட்ரஜன் பெராக்சைடோடு சாயத்தைச் சேர்த்து ஊற்றினால் நொதி இருக்கும் இடம் பழுப்பாகும். நூறு பிளாஸ்டில் மூன்று பழுப்பானாலே மைலாய்டு. 1976இல் பிரெஞ்சு, அமெரிக்க, பிரிட்டிஷ் மருத்துவர்கள் சேர்ந்து வகுத்த முறையில் வந்த கணக்கு இது.

எங்கள் ஸ்லைடில் ஒரு பிளாஸ்ட்கூடப் பழுப்பாகவில்லை. லிம்பாய்டு பக்கம் சாயப் பார்த்தேன். அப்போதுதான் ஓரத்தில் இருந்த நியூட்ரோபில், அதாவது முதிர்ந்த மைலாய்டு வெள்ளணு, கண்ணில் பட்டது. அதுவும் வெளுத்திருந்தது. முதிர்ந்த நியூட்ரோபில் கண்டிப்பாகப் பழுப்பாக வேண்டும். பிறவியிலேயே இந்த நொதி குறைந்தவர்கள் அபூர்வம்; அப்படியென்றால் ஸ்லைடில்தான் ஏதோ கோளாறு. போன் செய்து விசாரித்தால், ரத்தம் தடவி எட்டு நாளான ஸ்லைடாம், ஜன்னலோரத்தில் கிடந்ததாம். வெளிச்சமும் நாளும் சேர்ந்தால் இந்த நொதி செத்துப்போகும். புதிதாக ரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னோம். மறுநாள் பாதி பிளாஸ்ட் பழுப்பு.

பழுப்பு வராவிட்டால் லிம்பாய்டு என்று உடனே எழுதிவிடவும் முடியாது. மைலாய்டிலேயே சில வகைகள் இந்த ஸ்டெயினை ஏற்காது. மோனோசைட் வகை என்றால் எஸ்டரேஸ் என்ற வேறொரு நொதிக்கான ஸ்டெயின் பிடிக்கும். சோடியம் ஃப்ளூரைடு சேர்த்தால் அந்த நிறம் அணைந்துவிடும்; அதுவே மோனோசைட் என்பதற்கு அடையாளம். லிம்பாய்டு பிளாஸ்டைக் காட்டிக்கொடுக்க டிடிடி என்ற நொதி இருக்கிறது. அதை ஃப்ளோ சைட்டோமெட்ரியில், அதாவது செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு அளக்கும் கருவியில், ஆன்டிபாடி வைத்துத்தான் பிடிக்கிறோம். இன்று இறுதி முடிவு அந்தக் கருவியும் மரபணுப் பரிசோதனையும் சொல்வதுதான். ஆனால் அந்த ரிப்போர்ட்டுகள் வரும்வரை, சில மணி நேரத்தில் திசை காட்ட இந்தப் பழைய ஸ்டெயினை விட மலிவானது எனக்குத் தெரிந்து இல்லை.

நோயாளிகள் பதறிக்கொண்டு வருவது என்னவோ இன்னொரு நொதியைப் பார்த்து. எல்டிஎச் என்ற அந்த நொதி ரத்தத்தில் கூடினால் ரத்தப் புற்றுநோய் என்று கூகுள் சொல்லியிருக்கும். பி12 குறைவிலும் அது எக்கச்சக்கமாக ஏறும். கல்லீரல் கோளாறிலும் ஏறும். புற்றுநோயின் வகையைச் சொல்ல அதற்குத் தெரியாது.

ஊர் டாக்டர்களிடம் ஒரு விண்ணப்பம்: ரத்தப் புற்றுநோய் சந்தேகம் இருந்தால், சாம்பிள் எடுக்கும் முன் ஸ்டீராய்டு ஊசி போட வேண்டாம். லிம்பாய்டு பிளாஸ்டுகள் அதில் கரைந்துபோனால் எங்களுக்குப் பார்க்க எதுவும் மிஞ்சாது.

பஸ் பார்சலில் இப்போதும் ஸ்லைடு வருகிறது. கறுப்புத் தாளில் சுற்றி, எடுத்த தேதியை ஸ்லைடின் சொரசொரப்பான ஓரத்தில் பென்சிலால் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறோம். பேனா மை, ஸ்லைடைப் பதப்படுத்தும் மெத்தனாலில் கரைந்துவிடும்.